தவமணி அக்கா வரைந்த பாலைவன வழி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நொஷாட்டலிலிருந்து நிலானி, தவமணி அக்காவின் மகள்.

“மாமா, அம்மா போயிட்டா. விடியப்புறம் நித்திரையிலயே.”

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு அவள்தான் சொன்னாள்.

“வியாழக்கிழமை நீங்கள்தான் கதைக்க வேணும். அந்தப் பாலைவனக் கதையைச் சொல்லுங்கோ. இஞ்ச எல்லாருக்கும் அம்மாவை ஒஃபீஸ் ஆளாத்தான் தெரியும்.”

வியாழக்கிழமை மண்டபத்தில் எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அன்று சொல்ல முடியாமற் போனதை அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன். உங்களிற் பலர் அவரைப் பொறியியல் அலுவலகத்தின் வரைபட மேசையில் கண்டிருப்பீர்கள். நான் அவரை முதலில் கண்டது வில் நகரில், ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில், முழங்கைவரை சவர்க்கார நுரையோடு.

எண்பத்தைந்தாம் ஆண்டு அவர் அங்கே தட்டுக் கழுவும் வேலைக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஊரில் கலவரம் தொடங்குவதற்கு முன்பே ஹோட்டல் படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்து தங்கிவிட்டவன் நான்; அதே குசினியில் உதவிச் சமையற்காரன். அவரைவிட நான்கு வயது இளையவன். அவருக்கு ஜெர்மன் வராததால் குசினியில் அவருடைய வாய் நான்தான். முதல் வாரத்திலேயே அந்த வேலையில் ஒரு பாடம் கிடைத்தது. கழுவும் யந்திரத்தின் வடிகுழாயைப் பிழையாகப் பூட்டியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். நான் அதை, “யந்திரம் கொஞ்சம் மெதுவாக இருப்பதுபோல் இவருக்குத் தோன்றுகிறது” என்று மாற்றிச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“தம்பி, நான் சொன்னதைச் சொல்லும். வெண்ணெய் பூசாதையும்.”

குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். பிழையாகத்தான் பூட்டியிருந்தது.

எங்கள் தலைமைச் சமையற்காரர் ஹான்ஸ்ருடி. எல்லோரும் அவரை ‘செஃப்’ என்றே அழைப்போம். ஐம்பது வயது, கரடிபோல உடம்பு, வாரக் கடைசியில் மலையேறாவிட்டால் திங்கட்கிழமை சூப்பில் உப்புக் கூடிவிடும். எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவருக்கு ஒரு புது ஆசை பிடித்தது. மாரியில் இங்கே மலையெல்லாம் பனி மூடிக் கிடக்கும்போது துனீசியாவின் தெற்கே போய் நடக்க வேண்டும். முதலில் உயரமில்லாத வறண்ட மலைகள், பிறகு கல்லுப் பாலைவனம், கடைசியில் மணல் தொடங்கும் இடத்தில் ஒரு பேரீச்சஞ் சோலை. நான்கு நாள் நடை, ஆறு பேர், வழிகாட்டி இல்லாமல். இல்லத்துத் தாதி வெரேனி, செஃபின் நடைத்தோழர்கள் மூவர், பிறகு நான். என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், மூட்டை சுமப்பேன், சமைப்பேன் என்பதுதான்.

பின்னேரம் மூன்று மணி இடைவேளையில் செஃப் எஃகு மேசையில் வரைபடங்களை விரிப்பார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய தாள்களின் பிரதிகள், சூரிச்சில் ஒரு நூலகத்தில் எடுத்தவை. ஒரு நாள் சிவப்புப் பென்சிலால் மலைமுதுகின் மேலேயே ஒரு கோடு இழுத்து, மூன்றாம் நாள் பகலில் ஒரு நீல வட்டத்தைத் தொடும்படி முடித்தார். “இங்கே கிணறு. தண்ணீரை நிரப்பிக்கொண்டால் அடுத்த நாள் சோலை” என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்ற தவமணி அக்கா தமிழில் சொன்னார்:

“இந்தக் கிணறு இப்ப இராது.”

நான் மொழிபெயர்த்தேன். வெண்ணெய் பூசவில்லை.

“ஏனாம்?” என்றார் செஃப்.

அக்கா தாளின் ஓரத்தைக் காட்டினார். அளந்த ஆண்டு அங்கே சிறிய எழுத்தில் இருந்தது. ஐம்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. “மேட்டிலை கிணறு. சுத்திவர ஒரு வீடில்லை, ஒரு தோட்டமில்லை. ஆர் வெட்டியிருப்பினம்? பட்டாளம்தான். பட்டாளம் போனால் ஆர் தூர் வாருறது? தூர்ந்து போயிருக்கும்.”

“தட்டுக் கழுவும் ஒருவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” செஃப் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினார். ஆனாலும் அந்தக் கேள்வியை மொழிபெயர்க்க எனக்கு நாக் கூசியது. அக்கா என்னைப் பார்த்தபடியே நின்றதால் அப்படியே சொன்னேன்.

“யாழ்ப்பாணத்தில நில அளவை ஒஃபீசில ஒன்பது வருசம் படவரைஞரா இருந்தனான் எண்டு சொல்லும்.”

நம்பவும் முடியவில்லை, விடவும் மனமில்லை செஃபுக்கு. மறுநாள் சென்டிஸ் மலையின் வரைபடத்தைக் கொண்டுவந்தார். அவர் இருபது தரமாவது ஏறிய மலை. அக்கா தூரத்திலிருந்துகூடச் சரியாகப் பார்த்திராத மலை. அடிவாரத்து ரயில் நிலையத்திலிருந்து உச்சிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டார். அக்கா இறைச்சி கட்டும் நூலில் ஒரு முழம் வெட்டி, நனைத்து, பாதையின் வளைவு நெளிவெல்லாம் ஒட்டிவைத்து அளந்தார். உயரக்கோடுகளை நகத்தால் எண்ணினார். பிறகு செஃபின் கால்களை ஒருமுறை பார்த்தார்.

“இவருக்கு ஐஞ்சேகால் மணித்தியாலம். இப்பிடி வயிறு வைக்க முந்தி ஐஞ்சுக்குள்ள ஏறியிருப்பார்.”

செஃப் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தன் சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார். கோடையில் ஏறியது: ஐந்து மணி இருபது நிமிடம். பத்து வருடம் முன்பு: நான்கு மணி ஐம்பது. அன்றிலிருந்து குசினியில் அவர் ‘ஃப்ராவு தவமணி’, அதாவது திருமதி தவமணி. மூன்று மணிக்கு ஒரு கதிரை அவருக்காகக் காத்திருக்கும்.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் பாதை போட்டோம். அக்கா எதையும் புறப்படும் இடத்திலிருந்து தொடங்கமாட்டார். முதலில் வெளிச்சத்தைக் கணக்கெடுத்தார். மாரியில் அங்கே பத்து மணித்தியாலம்தான் பகல். அதில் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் நடையைப் போடக் கூடாது என்றார். அடுத்தது கூடாரம். பள்ளத்தாக்கின் அடியில் காற்றில்லாமல் படுக்கலாம் என்று செஃப் குறித்திருந்த இரண்டு இடங்களையும் அழித்தார். “எங்கையோ மழை பெய்தால் இஞ்ச வெள்ளம் வரும். படுக்கிற இடம் ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல இருக்க வேணும்.” கடைசியாகத் தண்ணீர்.

குசினியில் வரைதாள் ஏது? கேக் சுடும் பேக்கிங் தாளை வரைபடத்தின் மேல் விரித்தார். கீழே உள்ளது தெளிவாகத் தெரிந்தது. பெயர்கள், எல்லைகள், பட்டாளத் தடங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பள்ளத்தாக்குகளை மட்டும் படியெடுத்தார். அப்போதுதான், செஃபின் கோட்டுக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில், குறுக்கே குறுக்கே மயிரளவு சிறு கீறல்கள் இருப்பதை நாங்கள் பார்த்தோம். அதுவரை அச்சுப் பிழை என்றே நினைத்திருந்தோம்.

“இது கட்டு” என்றார். “வன்னியில நூற்றுக்கணக்கில வரைஞ்சிருக்கிறன். மழைத் தண்ணியை மறிக்கக் கட்டினது. கட்டிருந்தால் மண் தங்கும். மண் தங்கினால் மரம் வைப்பினம். மரத்துக்கு ஆரோ ஒருத்தர் வருவினம். தண்ணி எங்க எண்டு தேடாதேங்கோ. ஆக்கள் எங்க எண்டு தேடுங்கோ.”

அந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனால் பதினொரு கிலோமீற்றர் கூடுதல். செஃப் சம்மதிக்கவில்லை. படத்தில் கிணறு தெளிவாக இருக்கிறதே என்றார். அதற்கு அக்கா சொன்ன பதில் என் நினைவில் சொல்லுக்குச் சொல் இருக்கிறது.

“உங்கட நாட்டு வரைபடம் பொய் சொல்லாது. அதாலதான் உங்களுக்குப் பழக்கமில்லை. நாங்கள் கொஞ்சம் பொய்யும் வரைஞ்சிருக்கிறம். அளக்கப் போனவர் வெயிலுக்குள்ள களைச்சுப்போய் மரத்தடியில இருந்து எழுதினதையும் நான் நேர்க்கோடாப் போட்டிருக்கிறன்.”

செஃப் சிரித்தார். ஆனால் இறங்கிவரவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு: சிவப்புக் கோட்டில் போவது, அக்காவின் பள்ளத்தாக்கு ஆபத்துக்கு உதவும் வழி. அதற்கு அக்கா ஒரு நிபந்தனை போட்டார். எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைத் தான் எழுதித் தருவதாகவும், அங்கே நின்று அதை மாற்றக் கூடாது என்றும். செஃப் கை கொடுத்தார்.

கை கொடுத்த கையோடு, “நீங்களும் வாருங்களேன், உங்கள் கோட்டை நீங்களே பார்க்கலாம்” என்றார். என்னால் அதை உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. அக்காவின் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. முடிவு வரும்வரை எல்லையைத் தாண்ட முடியாது. தாண்டினால் விண்ணப்பமே போய்விடும். அவர் என் தயக்கத்திலிருந்தே கேள்வியைப் புரிந்துகொண்டார்.

“ஒன்பது வருசமும் நான் போகாத இடங்களைத்தான் வரைஞ்சனான், தம்பி. அளக்கிறதுக்கு ஆம்பிளையள் போவினம். நாங்கள் ஃபானுக்குக் கீழ இருந்து வரைவம். எனக்குப் பழக்கம்தான் எண்டு சொல்லும்.”

சொன்னேன். செஃப் வரைபடத்தை மெல்லச் சுருட்டினார்.

ஜனவரித் தொடக்கத்தில் புறப்பட்டோம். முதல் இரண்டு நாளும் படத்தில் போட்டபடியே நடந்தது. பகலில் இளவெயில், உடம்பு உதறும் அளவுக்குக் குளிர்காற்று, கண்ணுக்கெட்டியவரை வரிவரியான மஞ்சட் கல். இரண்டாம் நாள் மாலை வெரேனிக்குச் சாப்பாடு வயிற்றுக்குப் பிடிக்காமற் போய், எடுத்த வாந்தியில் ஆள் சோர்ந்துவிட்டார். எங்களிடம் இருந்த தண்ணீரில் பெரும்பங்கை அவருக்குக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை பதினொன்றே முக்காலுக்குச் செஃபின் நீல வட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கிணறு இருந்தது. உள்ளே கழுத்துவரை மணலும் கல்லும், மேலே ஒரு பழைய லொறி டயர்.

மிஞ்சிய தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர்கூடத் தேறாது. சோலைக்கு இன்னும் இருபத்தாறு கிலோமீற்றர். செஃப் கிணற்றை இரண்டு தரம் சுற்றிவந்தார். “வேகமாக நடந்தால் நாளை பகல் சோலை. இன்றிரவு சமாளிக்கலாம்” என்றார். அவருடைய தோழர்கள் தலையாட்டினார்கள். வெரேனி கல்லொன்றில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். உதடு வெடித்திருந்தது.

நான் பேக்கிங் தாளை எடுத்தேன். அதன் அடியில் அக்கா தமிழில், எனக்காக, எழுதியிருந்தார். அந்த மலையில் காலே வைக்காத ஒருவர் எழுதியதை, நாற்பது மலை ஏறிய ஒருவருக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

“‘பன்னிரண்டு மணிக்குத் தண்ணீரைக் கண்ணால் காணாவிட்டால் வடக்கே திரும்புங்கள். ஒன்பது கிலோமீற்றர். நாளைக்குப் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. செஃப் கை கொடுத்தவர்.’”

செஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெரேனியைப் பார்த்தார். வெரேனியின் மூட்டையை எடுத்துத் தன் மூட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு, வடக்கே திரும்பி நடந்தார்.

முதற் கட்டு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. இரண்டரை மணித்தியாலம் நடந்திருந்தோம். பள்ளத்தாக்கு காய்ந்து கிடந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்து மேட்டில் கையூன்றி ஏறினேன். வளைவுக்கு அப்பால், கல்லுக்கு நடுவே, சாம்பலும் பச்சையுமாக ஒரு ஒலிவ் மரத்தின் தலை. அதன் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குக் கல்லடுக்கிய கட்டு, கட்டுக்குப் பின்னால் தட்டையாகத் தங்கிய சிவப்பு மண், அந்த மண்ணில் விரலுயரம் முளைத்த வாற்கோதுமை.

மேட்டில் நின்று கையை உயர்த்தினேன்.

மரத்தடியில் கழுதையோடு ஒரு பெண் விறகு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வெறும் போத்தல்களைப் பார்த்தார். பாறையில் பதித்த ஒரு மரப் பலகையைத் தூக்கினார். உள்ளே மழைநீர்த் தொட்டி. முதல் வாளியை வெரேனிக்குத்தான் நீட்டினார். அன்று மாலை அவர் வீட்டு ரொட்டியும் ஒலிவ் எண்ணெயும் சாப்பிட்டோம். வெரேனி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அந்தக் கட்டை யார் கட்டியது என்று கேட்டார். “மாமனாரின் தகப்பன்” என்றாராம் அந்தப் பெண்.

அங்கிருந்து அக்காவின் கோட்டை விட்டு நாங்கள் விலகவேயில்லை. கட்டுக்குக் கட்டு, தொட்டிக்குத் தொட்டி நடந்து, ஒரு நாள் தாமதமாகச் சோலையை அடைந்தோம். ஆறு பேரும் சொந்தக் காலில். நகரத்துக்கு வந்ததும் செஃப் செய்த முதல் வேலை வில் நகரத்துக் குசினிக்கு ஒரு தந்தி அடித்தது. ஜெர்மன் தந்தியின் தமிழ் இது: ‘கட்டு இருந்தது. மண் இருந்தது. மரம் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். நன்றி, ஃப்ராவு தவமணி.’ இல்லத்து அலுவலகப் பெண் அதை அக்காவிடம் மெதுவாக வாசித்துக் காட்டினாராம். அக்கா கையுறையைக் கழற்றாமலே நின்று கேட்டுவிட்டு, “திரும்ப வாசியுங்கோ” என்று கையால் காட்டினாராம்.

செஃப் பெரிய மனிதர். திரும்பி வந்த முதல் நாளே, இல்லத்து நிர்வாகி முதல் தோட்டக்காரர் வரை எல்லோரும் இருந்த பகற்சாப்பாட்டு நேரத்தில், எண்ணெய்க் கறை பிடித்த அந்தத் தாளை விரித்துவைத்தார். “நான் பிழை, இவர் சரி. நாங்கள் ஆறு பேரும் இந்தத் தாளில்தான் திரும்பி வந்தோம்” என்றார். கைதட்டுவதற்குப் பதிலாக எல்லோரும் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள். செஃபின் நடைத்தோழர் ஒருவருடைய மைத்துனர் நொஷாட்டலில் பொறியியல் அலுவலகம் வைத்திருந்தார். தாள் அங்கே போனது. பிறகு அக்காவும் போனார், ஒரு நாள் பரீட்சை எழுத. வேலை கிடைத்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்: இருபத்தெட்டு வருடம் அதே அலுவலகம், நீங்கள் நடக்கும் ஏரிக்கரைப் பாதைகளில் சிலவற்றின் முதற் கோடு அவருடையது.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

எண்பத்தெட்டின் கடைசியில் அவருடைய அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அகதிகளுக்கான நீலப் பயணப் புத்தகம் கையில் கிடைத்த அன்று அவர் நொஷாட்டலிலிருந்து வில் நகரத்துக்கு ரயிலேறி வந்து, வாழ்த்துச் சொல்ல வந்த செஃபின் கையில் அதைக் கொடுத்தார். அப்போது அவருக்கு ஜெர்மன் வந்துவிட்டது.

“எப்போது போகிறோம்?” என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் போனோம். செஃப், வெரேனி, அக்கா, நான். வெரேனியின் பழைய மலைச் சப்பாத்து, அதற்குள் இரண்டு சோடிக் காலுறை, தலையில் கம்பளித் தொப்பி. முதல் நாள் மலைமுதுகில் ஏறும்போது பத்தடிக்கு ஒருமுறை நின்றார். களைப்பாக்கும் என்று நினைத்துத் தண்ணீரை நீட்டினேன். “களைப்பில்லை, தம்பி. உயரக்கோடு ஒண்டொண்டாத் தாண்டிறன். எண்ணிக்கொண்டு வாறன்” என்றார்.

கட்டுகளின் பள்ளத்தாக்கில் அந்த ஒலிவ் மரத்துப் பெண்ணைக் கண்டோம். செஃப் அக்காவைக் காட்டி, இவர்தான் எங்களை இங்கே அனுப்பியவர் என்று வெரேனியைச் சொல்லவைத்தார். அந்தப் பெண் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா கட்டின் மேல் ஏறி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காலடியால் அளந்தார். பென்சிலை எடுத்தார். “அரை மில்லிமீற்றர் தள்ளிப் போட்டிட்டன். அதுதான், தம்பி, நீர் அண்டைக்கு இதைக் காணேல்லை” என்று சொல்லித் தாளில் திருத்தினார். தன் பிழையை இவ்வளவு சந்தோசமாகத் திருத்திய ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல், மலைகளெல்லாம் தேய்ந்து முடியும் கடைசி மேடு. உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது செஃப் நின்று, கையை நீட்டி எங்களையும் நிறுத்தினார். “ஃப்ராவு தவமணி முன்னால் போகட்டும்.”

அக்கா தனியே ஏறினார். மேலே போய் நின்றார். நாங்கள் மெல்லப் பின்னால் சேர்ந்தோம். கீழே மணல் தொடங்கி, வானத்தைத் தொடும்வரை அலையலையாய்ப் பொன்னிறத்தில் கிடந்தது. அதன் கரையில் சோலை, கைக்குட்டையளவு கரும்பச்சை.

“தாளில் இருந்ததுபோலவா இருக்கிறது?” என்று செஃப் கேட்டார்.

அக்கா ஜெர்மனில் அவரிடம், “இல்லை” என்றார். என் பக்கம் திரும்பித் தமிழில் முடித்தார்.

“இதிலை காத்தடிக்குது, தம்பி.”

குனிந்து சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்தார். இரண்டு சப்பாத்தையும் கையில் தூக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததை அவரை மேசைக்கு முன்னால் மட்டும் கண்ட நீங்கள் நம்பமாட்டீர்கள். ஓடினார். முப்பத்தைந்து வயதுப் பெண், கைகளை விரித்து, தொப்பி பறக்க, மேட்டிலிருந்து மணலுக்குள் கணுக்கால் புதையப் புதைய ஓடினார். செஃப் தன் கரடிக்குரலில் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடினார். வெரேனி ஓடினார். நானும் ஓடினேன். எங்களில் ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

பேக்கிங் தாள் இன்று நிலானியிடம் இருக்கிறது; அது அவளுக்கே உரியது. நான் வைத்துக்கொள்வது அந்த முதுகு. எனக்கு முன்னால், யாரும் இழுத்துக் கொடுத்த கோடில்லாமல், தன் காலடியைத் தானே பதித்துக்கொண்டு தூரம் தூரமாய்ப் போன அந்த முதுகு.